வேனிட்டி பிளேட்: பலகையில் இருப்பது யார் கூற்று?

அமெரிக்கச் செய்திகளைத் தமிழில் எழுதுவோரை அடிக்கடி இடறவைக்கும் சொல் 'வேனிட்டி பிளேட்'. வண்டிக்கு அரசு வரிசைப்படி ஒதுக்கும் பதிவெண்ணுக்குப் பதிலாக, கூடுதல் கட்டணம் செலுத்தி உரிமையாளரே தேர்ந்தெடுக்கும் எழுத்துக்கோவை அது. பல மாநிலங்களில் ஏழு எழுத்துக்குள் அடங்க வேண்டும். செல்லப்பெயர், தொழில், பக்தி, கோபம் என எல்லாவற்றையும் அதற்குள் சுருக்கிவிடுகிறார்கள்.

'வேனிட்டி'யின் வேர் லத்தீன் 'வானுஸ்': வெறுமையான, உள்ளீடற்ற. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து வீண்பெருமை என்ற பொருளும் சேர்ந்துகொண்டது. ஆங்கில வேதாகமத்தின் பிரசங்கி நூலில் இச்சொல் வரும் இடத்தில் தமிழில் 'மாயை' நிற்கிறது. கைப்பையை 'வேனிட்டி பேக்' என்று சொல்லிப் பழகிய நமக்கு இந்தக் கடுமை உறைப்பதில்லை.

வேரைப் பார்த்து 'தற்பெருமைப் பலகை', 'பகட்டுப் பலகை' என்று பெயர்க்கலாமா? கூடாது என்பேன். ஒருவர் என்ன சொல்ல வருகிறார் என்று கேட்கும் முன்பே அதை வீண் என்று அந்தப் பெயர் தீர்ப்பளித்துவிடுகிறது. கலிஃபோர்னியாவில் தன்பாலீர்ப்பாளர் ஒருவர், தம் போன்றோரை இழிவுபடுத்தப் பயன்பட்ட 'குவியர்' என்ற சொல்லையே பெருமையோடு தம் வண்டியில் எழுதக் கேட்டார். மாநில அரசு மறுத்தது. அவர் கேட்டதைப் பகட்டு என்று எப்படிச் சொல்வது?

நம்மூர் 'ஃபேன்சி நம்பர்' என்ற சொல்லும் இங்கே பொருந்தாது. நம்மூரில் விரும்பிய எண்ணைப் பணம் கட்டிப் பெறலாம். எழுத்துகள் அரசு வைத்தவை. ராசியான எண் யாரோடும் வாதிடுவதில்லை. எழுத்து வாதிடும், அதனால்தான் அது நீதிமன்றம் வரை போகிறது.

அங்கே நடக்கும் வழக்குகளின் மையக் கேள்வியைச் சொல்ல நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது: கூற்று. அகப்பாடலுக்கு அடியில் 'தலைவி கூற்று', 'தோழி கூற்று' என்று குறித்திருப்பார்கள். பேசுபவர் யார் என்று தெரிந்தால்தான் பாட்டு புரியும். பலகையைச் செய்து தருவது அரசு, எழுத்தைத் தருவது உரிமையாளர். அப்படியானால் அது யார் கூற்று? உரிமையாளர் கூற்று என்றால், கருத்துப் பிடிக்கவில்லை என்பதற்காக அரசு தடுக்க முடியாது. பேச்சுரிமையைக் காக்கும் அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் குறுக்கே நிற்கும். அரசுக் கூற்று என்றால், வேண்டாததைச் சொல்ல மறுக்கும் உரிமை அரசுக்கு உண்டு.

1977-இல் விடை தெளிவாக இருந்தது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலப் பலகையில் 'சுதந்திரமாக வாழ், இல்லையேல் மடி' என்ற வாசகம் உண்டு. யெகோவா சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த ஒருவர் அது தம் நம்பிக்கைக்கு ஒவ்வாது என்று மறைத்தார். அபராதம் கட்ட மறுத்து 15 நாள் சிறையும் இருந்தார். அரசின் வாசகத்தைச் சுமக்கும்படி குடிமகனைக் கட்டாயப்படுத்த முடியாது என்றது உச்ச நீதிமன்றம். 2015-இல் வந்த வாக்கர் வழக்கு வேறு திசையில் போனது. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் கொடியைப் பலகையில் பொறிக்க ஓர் அமைப்பு கேட்டது, டெக்சாஸ் மறுத்தது. பலகை அரசின் கூற்றே என்று 5–4 என்ற கணக்கில் தீர்ப்பானது.

அந்தத் தீர்ப்பு பலகையின் வடிவமைப்பைப் பற்றியது, உரிமையாளர் கோர்த்த எழுத்தைப் பற்றியது அல்ல. அந்த இடைவெளியில்தான் மாநிலங்கள் ஆளுக்கொரு பக்கம் நிற்கின்றன. அமெரிக்காவில் காவலர்களைப் 'பன்றி' என்று இகழ்வதுண்டு. இந்தியானாவில் காவலர் ஒருவரே பன்றியின் உறுமலைக் குறிக்கும் சொல்லை வைத்திருந்தார், மாநிலம் அதை ரத்து செய்தது. பலகையில் உள்ள எழுத்து அரசுக் கூற்று என்றது மாநில உச்ச நீதிமன்றம். டென்னசியும் 2025-இல் அப்படியே சொன்னது. மேரிலாந்து அதைத் தனியார் கூற்று என்று ஏற்றது. ஆனாலும் ஸ்பானிய மொழியில் மலத்தைக் குறிக்கும் சொல்லைத் தடுத்தது செல்லும் என்றது. கலிஃபோர்னியாவில் 2020-இல் கூட்டாட்சி நீதிமன்றம், 'நல்ல ரசனைக்கு ஒவ்வாதது' என்ற அளவுகோலையே தள்ளுபடி செய்தது. ரசனையை அளக்கும் கோல் அதிகாரியின் கையில் இருந்தால், அது அவருக்குப் பிடித்ததன் அளவாகவே முடியும். எனக்கு இந்தத் தீர்ப்பே சரியாகப் படுகிறது. காவலர்கள் பொய் சொல்கிறார்கள் என்று ஒருவர் எழுதக் கேட்பதும், அவர்களைப் புகழ்ந்து இன்னொருவர் கேட்பதும் ஒரே அரசின் கூற்றாக எப்படி இருக்க முடியும்?

வண்டிப் பலகை எழுத்து எவ்வளவு கனமானது என்பதை ஈழத்தமிழர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1950-களின் பிற்பகுதியில் இலங்கை அரசு வாகனப் பலகைகளில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்தைக் கட்டாயமாக்கியது. அதை எதிர்த்துத் தமிழரசுக் கட்சியினர் தமிழ் 'ஸ்ரீ' எழுதிய வண்டிகளை ஓட்டினார்கள், பேருந்துகளில் சிங்கள எழுத்தின் மேல் தார் பூசினார்கள். ஓர் எழுத்துக்காக மக்கள் சிறை சென்றார்கள்.

ஆகவே பெயரில் 'பெருமை' வேண்டாம், தெரிவு செய்தவர் யார் என்பது வேண்டும். 'விருப்பப் பதிவுக்குறி' என்பது என் பரிந்துரை. எண்ணும் எழுத்தும் கலந்து வருவதால் 'பதிவெண்' போதாது. 'குறி' இரண்டையும் தாங்கும். செய்தித் தலைப்பில் இடம் குறைவென்றால் 'விருப்பப் பலகை' போதும். படம், கொடி, சங்க முத்திரை பொறித்த வகைக்கு 'சிறப்புப் பலகை' என்று தனியே எழுதுங்கள். இரண்டையும் ஒரே பெயரில் எழுதினால், வாக்கர் தீர்ப்பு எதைப் பற்றியது என்பது படிப்பவருக்குப் பிடிபடாமல் போகும்.