பொட்டலும் படச்சட்டமும்

மாசி மாதத்தில், சிவன் காமனை எரித்த கதையை ஆடும் காமன் கூத்துக்காகக் கம்பம் ஊன்றப்பட்டதும், இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு நிலத்துண்டின் பெயர் மாறிவிடுகிறது. மற்ற நாட்களில் பிள்ளைகள் பந்தடிக்கும் வெறும் வெளி, அன்று முதல் காமன் பொட்டல். அங்கே மேடை எழுப்புவதில்லை, திரை கட்டுவதில்லை. ரதியும் மதனும் ஆடும் இடத்தைச் சுற்றிலும் சனம் நிற்கும். பொட்டலுக்கு மேலே சரிவு இருந்தால் அதிலும் சாக்கை விரித்து அமர்ந்துவிடும். கூத்தைப் பழக்கும் மாஸ்டரிடம் இது எவ்வகை அரங்கு என்று கேட்டால் சிரிப்பார். ஆனால் நாலாபுறமும் பார்வையாளர் சூழ நடுவில் ஆடும் இந்த அமைப்புக்கு அரங்கியலில் வட்ட அரங்கு என்று பெயர். மட்டக்களப்பில் வடமோடி, தென்மோடி என்னும் இரு பாணிக் கூத்துகள் ஆடப்படும் வட்டக்களரியும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

ஆடுபவர் எங்கே நிற்கிறார், பார்ப்பவர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்ற ஒன்றைக் கொண்டே அரங்கின் வகைகள் பிரிக்கப்படுகின்றன. பார்வையாளர் ஒரே பக்கத்தில் அமர்ந்து, சட்டமிட்ட படத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தால் அது படச்சட்ட மேடை. மேடை முன்னோக்கி நீண்டு, மூன்று பக்கமும் ஆட்கள் இருந்தால் அது நீட்டு மேடை. இலண்டனில் 1599ஆம் ஆண்டு கட்டப்பட்ட குளோப் அரங்கு இவ்வகையைச் சேர்ந்தது. இந்தப் பிரிவினை வெறும் கட்டடக் கணக்கு என்று பலர் எண்ணுகிறார்கள். என் எண்ணத்தில், கூத்தின் பாட்டும் பறையும் ஒப்பனையும் இன்றிருக்கும் வடிவத்தில் இருப்பதற்கு முதற்காரணமே இந்த இட உறவுதான்.

குரலை எடுத்துக்கொள்வோம். திறந்த வெளியில் ஒலி எல்லாத் திசைகளிலும் விரிவதால், தூரம் இரண்டு மடங்கானால் அதன் செறிவு கால்வாசியாகிறது. அதாவது ஏறத்தாழ 6 டெசிபெல் குறைகிறது. இது எந்த அரங்குக்கும் பொதுவான இடர். வட்ட அரங்குக்கென்று தனியாக இன்னோர் இடர் உண்டு: பாடுபவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ ஒருவருக்கு முதுகைத்தான் காட்டுகிறார். மனிதக் குரலின் தாழ்ந்த அதிர்வெண்களுக்கு இது பெரிய தடையன்று. 150 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் இரண்டு மீற்றருக்கும் மேல் என்பதால் அது தலையை எளிதாகச் சுற்றி வளைந்து பின்னால் போய்விடும். ஆனால் ச, ஸ, த போன்ற மெய்யொலிகளைத் தெளிவுபடுத்துகிற 4000 ஹேர்ட்ஸ் அளவான ஒலியின் அலைநீளம் எட்டரைச் சென்ரிமீற்றர் மட்டுமே. அது தலையின் அகலத்தைவிடச் சிறியது என்பதால் தலையே அதற்கு மறைப்பாகிவிடுகிறது. எனவே முதுகுப்புறம் நிற்பவருக்கு ராகம் கேட்கும், சொல் கேட்காது.

கூத்தில் ஒரே அடியை ஏன் மூன்று நான்கு முறை பாடுகிறார்கள் என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு விடை இங்கேதான் இருக்கிறது. ஆடுபவர் ஓரடியைப் பாடிக்கொண்டே வட்டமாக நகர்கிறார். பிற்பாட்டுக்காரர் அதே அடியை வாங்கித் திரும்பப் பாடுகிறார்கள். அவர்கள் நிற்கும் இடமும் முகம் நோக்கும் திசையும் வேறு. முதல் முறை கிழக்கே இருந்தவருக்குக் கிடைத்த மெய்யெழுத்துகள் இரண்டாம் முறை மேற்கே இருப்பவருக்குக் கிடைக்கின்றன. பக்திக்கும் இசை இன்பத்துக்கும் இதில் பங்கில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் திரும்பப் பாடாமல் வட்ட அரங்கில் கதை சொல்ல முடியாது.

தப்பு எனப்படும் பறையின் கதை இன்னும் சுவையானது. கூத்து தொடங்குமுன் பொட்டலின் ஓரத்தில் சருகையும் தாளையும் கொளுத்தித் தப்பைக் காய்ச்சுவார்கள். தோலை நெருப்புக்கு நேரே காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, மறுபடியும் காட்டி, சத்தம் "டண்" என்று ஏறும்வரை அந்த வேலை நடக்கும். தோல் ஈரத்தை உறிஞ்சும் பொருள். ஈரம் ஏறினால் தளரும், தளர்ந்தால் சுருதி இறங்கும். சூடு ஈரத்தை வெளியேற்ற, தோல் சுருங்கி இறுகுகிறது. இறுக்கம் கூடுவதால் அதிர்வெண்ணும் கூடுகிறது. மலைநாட்டு இரவில் பனி இறங்கியபடியே இருப்பதால் ஒருமுறை காய்ச்சினால் விடியும்வரை தாங்காது. ஆகவே அந்தச் சிறு நெருப்பு இரவு முழுவதும் அணைவதில்லை.

அந்தத் தப்பொலி பள்ளத்தைத் தாண்டி அடுத்த மலையில் இருக்கும் லயம் (தொழிலாளரின் வரிசை வீடுகள்) வரை கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. தை, மாசி மாதங்களின் தெளிந்த இரவுகளில், நுவரெலியாவில் புல்லின்மேல் உறைபனி படியும் அதே காலத்தில், நிலத்தை ஒட்டிய காற்று மேற்காற்றைவிட விரைவாகக் குளிர்ந்துவிடுகிறது. ஒலி குளிர்ந்த காற்றில் மெதுவாகவும் வெப்பமான காற்றில் விரைவாகவும் செல்லும். ஒரு பாகைக்கு விநாடிக்கு 0.6 மீற்றர் அளவு வேறுபாடு உண்டு. மேலே விரைவும் கீழே மெதுவுமாக இருப்பதால், வானத்தை நோக்கிப் போயிருக்க வேண்டிய ஒலி வளைந்து மீண்டும் நிலத்தை நோக்கி இறங்குகிறது. பகலில் இது தலைகீழாக நடக்கும். அதே தப்பைப் பகலில் அடித்தால் அவ்வளவு தூரம் போகாது.

சரிவும் தன் பங்கைச் செய்கிறது. சமதரையில் பின்வரிசைக்குச் செல்லும் ஒலி, முன்வரிசைத் தலைகளையும் உடைகளையும் உரசிக்கொண்டு போவதால் வலுவிழக்கிறது, பார்வையும் மறைக்கப்படுகிறது. கண்ணுக்கும் உச்சந்தலைக்கும் இடையே ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர் இருப்பதால், பின்னால் இருப்பவரின் பார்வைக்கோடு முன்னால் இருப்பவரின் கண்ணுக்கு அந்த அளவாவது மேலே செல்ல வேண்டும் என்று அரங்கு கட்டுபவர்கள் கணக்கிடுகிறார்கள். கி.மு. நான்காம் நூற்றாண்டில் கிரேக்கர்கள் எபிடாரசில் மலைச்சரிவைச் செதுக்கி வளைவாகப் படிவரிசைகள் அமைத்ததும் இதற்காகத்தான். நம் மலையில் சரிவு இயல்பாகவே இருப்பதால் செதுக்கும் வேலை நமக்கு இல்லை.

தமிழ் மரபு திறந்தவெளியை மட்டும் அறிந்ததன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஆடிய அரங்கின் அளவுகள் துல்லியமாகத் தரப்பட்டுள்ளன: இருபத்து நான்கு விரல் கொண்டது ஒரு கோல், அரங்கு ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம், மேலே உத்தரப் பலகைக்கும் கீழே அரங்கப் பலகைக்கும் இடையே நான்கு கோல், இரண்டு வாயில்கள். விரலின் அகலத்தை இரண்டரைச் சென்ரிமீற்றர் என்று கொண்டால் மேடை ஏறத்தாழ 4.2க்கு 4.8 மீற்றர், ஒருத்தி ஆடுவதற்குப் போதுமானது. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூன்று வகைத் திரைகள் அங்கே சொல்லப்படுகின்றன. என்னை எப்போதும் வியக்க வைப்பது "தூண்நிழல் புறப்பட" விளக்கு வைத்தார்கள் என்ற ஒரு தொடர்தான். தூண்களின் நிழல் ஆடுபவள்மீது விழாமல் வெளியே விழும்படி விளக்கின் இடத்தைத் தேர்ந்த அந்தக் கை, இன்றைய ஒளியமைப்பாளரின் கை.

படச்சட்ட மேடை ஐரோப்பாவில் உருவானபோது அதன் மையக் கேள்வி ஒலியன்று, காட்சி. இத்தாலியின் பார்மா நகரில் 1618ஆம் ஆண்டு கட்டப்பட்ட பர்னேசே அரங்கு அதன் தொடக்ககால எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. தூரம் செல்லச் செல்லச் சிறுத்துப்போகும் தெருவையும் மாளிகையையும் திரையில் தீட்டி ஆழம் இருப்பதாகக் காட்டினார்கள். இந்த மாயம் முழுமையாகப் பலிப்பது அரங்கின் ஒரேயொரு புள்ளியில்தான். அங்கே பிரபுவின் இருக்கை போடப்பட்டது. காட்சித் திரைக்கு வட்ட அரங்கில் இடமே கிடையாது, ஏனெனில் எங்கே தொங்கவிட்டாலும் பாதிப்பேருக்கு மறைக்கும். ஆகவே கூத்தில் சொல்லும் நடையுமே இடத்தை உருவாக்குகின்றன. "கயிலாயம் வந்தேன்" என்று பாடி ஒரு சுற்றுச் சுற்றினால் கயிலாயம் வந்தாகிவிட்டது. அருச்சுனன் தபசு என்ற கூத்தில் நட்ட மரத்தில் அருச்சுனன் ஏறத் தொடங்கியதும் அது மரமாக இருப்பதில்லை, தவமாகிவிடுகிறது.

வலம் இடம் என்ற சொற்கள்கூட மேடையைப் பொறுத்தவை. படச்சட்ட மேடையில் வலப்பக்கம் என்பது சபையை நோக்கி நிற்கும் நடிகரின் வலப்பக்கம். பார்ப்பவருக்கு அது இடம். வட்ட அரங்கில் எல்லாப் பக்கமும் முன்பக்கம் என்பதால், நெறியாளர் சிலர் தரையைக் கடிகாரமாக எண்ணி "மூன்று மணிக்குப் போய் நில்" என்று சொல்வார்கள்.

வட்டத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவரும் பெருமுயற்சி நடந்ததும் மலைநாட்டில்தான். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கூத்துகளைப் படச்சட்ட மேடைக்கு ஏற்ப அமைத்தார். கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை ஆகியவை அப்படி வந்தவை. விடிய விடிய ஆடியது சில மணி நேரத்துக்குள் சுருங்கியது. வட்டத்தில் ஆடிய ஆட்டம் ஒரு முகமாகத் திரும்பியது. திரும்பப் பாடுவதற்கான தேவை குறைந்ததால்தான் அந்தச் சுருக்கம் அழகு கெடாமல் இயன்றது என்பது என் ஊகம்.

இதே மாற்றத்தை அளவு பார்க்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதையும் ஒருமுறை கண்டேன். மழை காரணமாக ஒரு தோட்டத்தில் காமன் கூத்தை மண்டபத்துக்குள் மாற்றினார்கள். சீமெந்துச் சுவர், தகரக் கூரை, மேடையில் நின்ற நிலையில் ஒரே ஒலிவாங்கி. மதன் ஆடுவதை விட்டுவிட்டு ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தப்பு முழங்கியதும் ஒரு சொல்லும் விளங்கவில்லை. நேரே வரும் ஒலிக்கும் சுவரில் மோதித் திரும்பி வரும் ஒலிக்கும் இடையே 50 மில்லிவிநாடிக்கு மேல் இடைவெளி இருந்தால், அதாவது 17 மீற்றர் கூடுதல் தூரம் ஓடி வந்தால், காது இரண்டையும் சேர்த்துக் கேட்பதில்லை. பின்சுவர் ஒன்பது மீற்றர் தள்ளி இருந்தாலே அந்தத் தூரம் வந்துவிடும். அரைமணி நேரம் பொறுத்த மாஸ்டர், ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லி, நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளி, ஆட்களைத் தரையில் வட்டமாக உட்கார வைத்தார். சுவர்களில் உடைகளும் உடல்களும் சாய்ந்ததும் எதிரொலி பாதி அடங்கிற்று. மதன் நடுவே இறங்கி முதல் அடியைத் திரும்பவும் எடுத்தார். வெளியே தாழ்வாரத்தில் ஒருவர் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்.