செயின் வெளியே இருந்தால் வேலை உங்களுக்கு

ஒரு நாள் காலையில் இரண்டு சைக்கிள்கள் அடுத்தடுத்துப் பட்டறைக்கு வந்தன. ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் பழைய மாடல். கியர் கிடையாது, கம்பி பிரேக், செயினை முழுசாக மூடிய தகரக் கவர். கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தீர்கள் என்று கேட்டேன். ஓட்டி வந்த பெரியவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார், அவ்வளவுதான். இன்னொன்று முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் வைத்த மவுண்டன் பைக். வாங்கி எட்டு மாதம்.

பழையதற்கு பிரேக் கட்டை மாற்றி, பின்சக்கரத்துப் பால்ரஸுக்கு கிரீஸ் வைத்து, மதியத்துக்குள் அனுப்பிவிட்டேன். புதியதில் செயின், பின்னால் இருக்கும் கேசட் என்கிற பல்சக்கர அடுக்கு, பிரேக் பேடு, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் சீல் எல்லாமே போயிருந்தன. “இவ்வளவு காசு போட்டு வாங்கியது அண்ணே” என்றார் அந்தத் தம்பி. அவர்மேல் பெரிய தப்பு ஒன்றும் இல்லை. வாங்கும்போது யாரும் அவருக்கு இதைச் சொல்லவில்லை.

விலை கூடினால் பழுது குறையும் என்று நினைப்பது இயல்பு. சைக்கிளில் அநேகமாக அது தலைகீழ். விலை ஏற ஏற எடை குறைகிறது, கியர் கூடுகிறது, பாகங்கள் மெலிகின்றன. மெலிந்த பாகம் அழுக்கைத் தாங்காது. அதனால் ஒரு சைக்கிள் உள்ளே வந்ததும் நான் கம்பெனி பெயரைப் பார்ப்பதில்லை. அசைகிற பாகம் எத்தனை, அதில் மூடாமல் கிடப்பது எத்தனை என்றுதான் பார்ப்பேன். எவ்வளவு வேலை இருக்கும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

செயினையே பாருங்கள். ஒரு பின்னின் நடுவிலிருந்து அடுத்த பின்னின் நடு வரை அரை அங்குலம். ஒரு ஸ்டீல் ஸ்கேலின் தொடக்கக் கோட்டை ஏதாவது ஒரு பின்னின் நடுவில் வைத்தால், அதிலிருந்து 24-வது பின் சரியாக 12 அங்குலக் கோட்டில் நிற்க வேண்டும். அது கோட்டைத் தாண்டி ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளி நின்றால் செயினை மாற்றிவிடுங்கள். எட்டில் ஒரு பங்கு தள்ளிவிட்டால், பல்சக்கரத்தையும் அது தின்றிருக்கும். அப்போது புதுச் செயின் மட்டும் போட்டால் பழைய பல்லில் உட்காராமல் வழுக்கும். செயின் நீண்டுவிட்டது என்று பேச்சுக்குச் சொல்கிறோம். இரும்பு நீளவில்லை. ஒவ்வொரு பின்னும் அது உட்காரும் துளையும் மயிரிழை மயிரிழையாகத் தேய்ந்து, எல்லாம் கூடி ஸ்கேலில் தெரிகிறது.

கியர் இல்லாத சைக்கிளின் செயின் தடிமனானது, எப்போதும் நேர்க்கோட்டிலேயே ஓடும். பின்னால் 11, 12 பல்சக்கரங்கள் அடுக்கிய சைக்கிளிலோ செயின் ஒல்லி, அதுவும் பாதி நேரம் கோணலாகத்தான் இழுபடும். கவரும் இல்லை. அதைக் கவனிக்காமல் விட்டால் சீக்கிரம் தேயும். இதில் மர்மம் ஒன்றும் இல்லை.

எண்ணெய் விடுவதில் ஒரு பழக்கத்தை மாற்றச் சொல்லிச் சொல்லியே எனக்கு அலுத்துவிட்டது. கண்ணிக்கு ஒரு சொட்டு, செயினின் உள்பக்கமாக. பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, சற்று ஊறவிட்டு, அப்புறம் வெளியே இருக்கும் எண்ணெயைத் துணியால் அழுத்தித் துடைக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். எண்ணெய் வேண்டியது பின்னுக்குள். வெளியே ஒட்டிக்கொண்டிருப்பது மணலைச் சேர்த்துக்கொண்டு அரைக்கும் பசையாகிவிடும். செயினைத் தொட்டு இரண்டு விரலைத் தேய்த்துப் பாருங்கள். நறநறத்தால் மேலே எண்ணெய் விடாதீர்கள், முதலில் கழுவுங்கள்.

வளைந்த ஹேண்டில்பார் வைத்த ரோடு பைக்குக்கு இதோடு காற்றும் ஒரு வேலை. டயர் ஒல்லி, உள்ளே பிடிக்கும் காற்று கொஞ்சம், அழுத்தம் அதிகம். ஒரு வாரம் சும்மா நின்றாலே அழுத்தம் இறங்கிவிடும். அதனால் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் அளவு பார்ப்பதுதான் சரி. ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால் ரிம்மே பிரேக்கின் ஒரு பாகம்தான், அதுவும் தேயும். ரிம்மின் பக்கத்தில் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். குழிந்திருந்தால் காலம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். தேய்ந்து மெலிந்த ரிம், காற்றின் அழுத்தத்திலேயே ஓடும்போது பிளக்கலாம். கார்பன் பாகம் இருந்தால் போல்ட்டைக் கைக்கு வந்த வேகத்தில் முறுக்காதீர்கள். எவ்வளவு முறுக்க வேண்டும் என்பது பெரும்பாலும் பாகத்தின் மேலேயே அச்சிட்டிருக்கும்.

இனி அந்தத் தம்பியின் மவுண்டன் பைக். என்னிடம் வருவதில் அதிகம் கவனிப்பு கேட்பது இந்த வகைதான். முன்ஃபோர்க்கின் வழவழப்பான குழாயில் ஒட்டும் புழுதி, ஒவ்வொரு அமுக்கத்திலும் சீலை அறுத்துக்கொண்டே இருக்கும். பல ஃபோர்க்குகளுக்கு 50 மணி நேரம் ஓட்டியதும் கீழ்ப்பகுதியைக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் மாற்றச் சொல்கிறார்கள். வாரத்துக்கு நாலு மணி நேரம் ஓட்டுகிறவருக்கு அது மூன்றே மாதம். இதைச் சொன்னால் நம்பாமல் என்னைப் பார்ப்பார்கள். டியூப் இல்லாத டயர் என்றால், ஓட்டையை அடைப்பதற்காக உள்ளே ஊற்றிய பால் போன்ற திரவம் சில மாதங்களில் காய்ந்துவிடும். ஆணி குத்திய பிறகுதான் அது காய்ந்ததே தெரியவரும்.

திரவ அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் நல்ல சாதனம், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு விஷயத்தில் அது மன்னிக்காது. ஒன்று, உள்ளே இருக்கும் திரவம்: சிலவற்றில் மினரல் ஆயில், சிலவற்றில் டாட் (DOT) என்கிற பிரேக் திரவம். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் கெட்டு பிரேக் பிடிக்காமல் போகும். டாட் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், அதனால் அவ்வப்போது மாற்றவும் வேண்டும். இன்னொன்று ஸ்ப்ரே. செயினுக்கு அடிக்கிறேன் என்று எண்ணெய் ஸ்ப்ரேயை எடுத்தால் ஒரு துளி டிஸ்க்கிலும் படும். மறுநாள் பிரேக் கத்தும், பிடிக்காது. எண்ணெய் குடித்த பேடை மாற்றுவதுதான் வழி.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் ஹப் கியர் இருக்கிறது. கியர்கள் எல்லாம் பின்சக்கரத்தின் நடுவில் ஒரு டப்பாவுக்குள் எண்ணெயில் சுழலும், மழையும் மண்ணும் அண்டாது. ரோலாஃப் என்ற கம்பெனியின் 14 கியர் ஹப்புக்கு 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, அல்லது வருடத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றினால் போதும். செயினுக்குப் பதில் பெல்ட் போட்டால் எண்ணெய் விடும் வேலையும் போச்சு. பெல்ட்டைச் செயின்போலப் பிரித்துக் கோக்க முடியாது, அதனால் ஃப்ரேமே ஓர் இடத்தில் திறக்கும்படி இருக்க வேண்டும். எல்லாச் சைக்கிளிலும் அது நடக்காது. பின்சக்கரம் பஞ்சரானால் கியர் கேபிளைக் கழற்றிச் சக்கரத்தை இறக்குவது எரிச்சலான வேலை என்பதையும் மறைக்க மாட்டேன்.

மின்சார சைக்கிளில் மோட்டார் மூடியே இருக்கும், அதில் நமக்கு வேலை குறைவு. ஆனால் மோட்டாரைப் பெடல்களுக்கு நடுவில் பொருத்திய மாடல்களில் அது இழுக்கும் இழுப்பு நேராகச் செயினுக்குத்தான் போகிறது. காலால் மட்டும் மிதிக்கும் சைக்கிளைவிட அதன் செயின் முன்னதாகவே தேயும். எடையும் வேகமும் கூடுதல் என்பதால் பிரேக் பேடும் அப்படியே. பல வாரம் ஓட்டப் போவதில்லை என்றால் பேட்டரியை முழுசாக ஏற்றியும் வைக்காதீர்கள், காலியாகவும் விடாதீர்கள். பாதிக்குப் பக்கமாக வைத்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள். கார் கழுவும் பிரஷர் பம்பு இதற்கு ஆகவே ஆகாது. மற்ற சைக்கிள்களுக்கும்தான், பேரிங்கில் இருக்கும் கிரீஸை அது அடித்துக்கொண்டு போய்விடும்.

மடக்குச் சைக்கிளில் மடங்கும் கீலும் பூட்டும் ஆடாமல் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. சக்கரம் சின்னது என்பதால் டயர் சீக்கிரம் தேயும். ஒரு கிலோமீட்டருக்குப் பெரிய சக்கரம் 470 முறை சுற்றினால், 16 அங்குலச் சக்கரம் ஏறக்குறைய 770 முறை சுற்றியாக வேண்டும். குழந்தைகள் சைக்கிளில் பாகம் தேய்வதற்குள் குழந்தை வளர்ந்துவிடும். அங்கே நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: பிரேக் லீவர் அந்தச் சின்ன விரலுக்கு எட்டுகிறதா?

அந்தத் தம்பி தினமும் தார் ரோட்டில் வேலைக்குப் போய் வருகிறவர். சஸ்பென்ஷனைப் பெரும்பாலும் பூட்டியே ஓட்டுகிறாராம். மலைப்பக்கம் ஒரே ஒரு தடவை போயிருக்கிறார். சீல் மாற்றிய ஃபோர்க்கை மாட்டிக்கொண்டிருந்தபோது, “நீங்க எதை ஓட்டுறீங்க அண்ணே?” என்று கேட்டார். பட்டறையின் பின்பக்கம் நிற்பதைக் காட்டினேன். ஹப் கியர், செயின் கவர், இரண்டு மட்கார்டு. நாள் முழுக்க ஊரார் செயினைத் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போய் என் செயினையும் துடைக்க என்னால் ஆகாது.