இந்தப் பூச்சி எந்தக் கோயில்?

ஐப்பசி மழை விட்ட ஒரு ராத்திரி, காரைக்குடிப் பக்கம் எங்கள் பழைய வீட்டு வளவில் பல்பைப் போட்டு, அதன் பின்னால் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டேன். அரை மணி நேரத்தில் வேட்டி முழுக்க விட்டில். பட்டாலையில் யார் வீட்டுக் கல்யாணப் பேச்சோ பேசிக்கொண்டிருந்த ஆயா எட்டிப் பார்த்து, "ஏம்ப்பா, இதுகளுக்கும் கோயில் பிரிவு உண்டா?" என்றார். கிண்டல்தான். ஆனால் பூச்சிகளை வகைப்படுத்துகிறவர்கள் கேட்பதும் இதே கேள்விதான்.

நகரத்தாருக்கு, அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்கு, ஒன்பது கோயில். ஒரே கோயில், ஒரே பிரிவு என்றால் பங்காளி, பெண் எடுப்பதில்லை. நிறம், உயரம், குடியிருக்கும் ஊர் எதுவும் அங்கே கணக்கில் வராது. 1758இல் உயிரினங்களை வகைப்படுத்திய லின்னேயஸ் பூச்சிகளைப் பிரித்தபோது இந்தக் கணக்கு அவரிடம் இல்லை. செதில் சிறகுப் பூச்சிகளை உருவம் பார்த்து மூன்று பேரினங்களில் அடக்கினார். பட்டாம்பூச்சி ஒன்று, விட்டில்கள் இரண்டு.

வேட்டியில் மூன்று பூச்சிகளைப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். ஒன்று சருகு நிறம். சிறகை விரித்தால் உள்ளே கறுப்பில் வெள்ளைப் பட்டை. ஆமணக்கு இலையைத் தின்னும் காவடிப்புழுவின் தாய். இரண்டாவதற்கு முன்சிறகின் விளிம்பில் மஞ்சள் கோடு, பின்சிறகு வெள்ளையில் கறுப்புப் பொட்டு. கடலைக் கொல்லையை மொட்டையடிக்கும் சிவப்புக் கம்பளிப்புழு வளர்ந்தால் இதுதான். மூன்றாவது பழுப்பில் வெள்ளைக் கீறல்கள் போட்ட புரோட்டீனியா, புகையிலை வெட்டுப்புழுவின் தாய்.

கண்ணை நம்பினால் ஒன்றும் மூன்றும் உறவு. பழைய நூல்களும் அவை இரண்டையும் நாக்டுயிடே குடும்பத்தில் வைத்து, கம்பளிப்புழுவைத் தனிக் குடும்பமாக்கியிருந்தன. 2011 வாக்கில் எட்டு மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது கணக்கு மாறியது. காவடிப்புழுவும் கம்பளிப்புழுவும் பங்காளிகள். இரண்டும் இப்போது எரெபிடே குடும்பம். புரோட்டீனியா மட்டும் நாக்டுயிடேயிலேயே நின்றது. முடி இருப்பதும் இல்லாததும் வம்சத்தைச் சொல்லவில்லை. உடம்பைக் காவடிபோல் வளைத்து நடப்பதும் அப்படித்தான். வேறு குடும்பமான ஜியோமெட்ரிடே புழுக்களும் வளைந்துதான் நடக்கின்றன.

அப்படியானால் உடல் அடையாளம் வீணா? இல்லை, எந்த அடையாளம் என்பதில்தான் சூட்சுமம். லென்ஸை வைத்துப் பின்சிறகின் அடியைப் பாருங்கள்: விறைப்பான ஒரு முள்மயிர் நீண்டு, முன்சிறகின் அடியில் உள்ள கொக்கியில் மாட்டியிருக்கும். பறக்கும்போது இரண்டு சிறகும் ஒன்றாக அடிக்க வேண்டுமே, அதற்கு. பொதுவாக ஆணுக்கு ஒரே மயிர், பெண்ணுக்குப் பல. அழகான ஏற்பாடுதான், ஆனால் பெரும்பாலான விட்டில்களுக்கும் இது உண்டு. கல்யாணப் பெண் கழுத்தில் கழுத்திரு என்ற தாலியைப் பார்த்தால் நகரத்தார் வீட்டுப் பெண் என்று தெரியும். எந்தக் கோயில் என்று தெரியுமா? முன்னோரிடமிருந்து எல்லோருக்கும் வந்த அடையாளம் உட்பிரிவைக் காட்டாது. ஒரு கிளையில் மட்டும் புதிதாக முளைத்த அடையாளமே அந்தக் கிளையைக் காட்டும்.

காது அப்படி ஒன்று. வேட்டியில் இருந்த மூன்றுக்கும் காது மார்பின் பின்பகுதியில், பின்சிறகுக்கு அடியில் இருக்கிறது. ஆகவே குடும்பம் வேறானாலும் மூன்றும் ஒரே பெருங்கிளை. ஜியோமெட்ரிடேவுக்குக் காது வயிற்றின் தொடக்கத்தில். அது தனியாக முளைத்த காது. 186 இனங்களில் 2,098 மரபணுக்களை ஒப்பிட்டு 2019இல் வந்த ஆய்வு, இந்தப் பூச்சிக் கூட்டத்தில் காது குறைந்தது ஒன்பது முறை தனித்தனியாகத் தோன்றியது என்கிறது. (ஒன்பது என்றதும் ஆயா சிரித்துவிட்டார்.) வௌவாலுக்குப் பயந்துதான் காது வந்தது என்று படித்திருந்தோம்; சில வம்சங்களில் வௌவால் வருவதற்கு வெகு முன்பே காது இருந்திருக்கிறது.

உவமை ஓரிடத்தில் நொண்டும். செதில் சிறகுப் பூச்சிகளில் பின்னோக்கிப் போனால் எல்லாக் கிளையும் ஒன்றாகிவிடும்: ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரே மூதாதை. அந்த மரத்தில் பட்டாம்பூச்சி ஒரு கிளை மட்டுமே, அதுவும் விட்டில் கிளைகளுக்கு நடுவில், சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தது. பட்டாம்பூச்சியை விலக்கிவிட்டு 'விட்டில்' என்று ஒரு குலம் சொல்வது, மலாயா போய்க் கோட்டு மாட்டிக்கொண்டவரைப் பங்காளிக் கணக்கிலிருந்து நீக்குவது மாதிரி.

"அப்ப கோட்டைக் கழட்டிட்டுத் திரும்பி வந்தவனும் உண்டா?" என்றார் ஆயா.

உண்டு. அமெரிக்க வெப்பமண்டலத்தில் ஹெடிலிடே என்றொரு குடும்பம். மங்கலான நிறம், குமிழ் இல்லாத நூல் உணர்கொம்பு, பெரும்பாலும் இரவில்தான் பறக்கும். நெடுங்காலம் ஜியோமெட்ரிடேவில் சேர்த்து வைத்திருந்தார்கள். 1986இல் உடலமைப்பை நுணுகிப் பார்த்து இவை பட்டாம்பூச்சியோடு சேர்ந்தவை என்றார்கள். மரபணுவும் பிறகு அதையே சொன்னது.