பேசப் பயமா? எந்த இடத்தில்?

ஹட்டன் பக்கத் தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும்போது கிலோக் கணக்குக்காகக் கங்காணியோடு மல்லுக்கட்டும் அக்காமார் இருக்கிறார்கள். அதே அக்காவை மாதர் சங்கக் கூட்டத்தில் "நீங்க ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்று எழுப்பினால் தொண்டை அடைத்துக்கொள்ளும். கூச்சக்காரியா, வாயாடியா? கேள்வியே பிழை.

அமெரிக்கத் தொடர்பாடல் ஆய்வாளர் ஜேம்ஸ் மெக்ராஸ்கி 1970இல் பேச்சு அச்சத்துக்கு ஒரு வினாத்தாள் தந்தார். இன்று அதிகம் புழங்குவது 1982இல் வந்த 24 கூற்று வடிவம். சிறு குழு, கூட்டம், நேருக்கு நேர், மேடை என்று நான்கு சூழலுக்கும் ஆறாறு கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் 1 (சிறிதும் உடன்பாடில்லை) முதல் 5 (முழு உடன்பாடு) வரை புள்ளி.

ஆறில் மூன்று பயத்தைச் சொல்லும், மூன்று தைரியத்தைச் சொல்லும். 18இலிருந்து தைரியப் புள்ளிகளைக் கழித்து, பயப் புள்ளிகளைக் கூட்ட வேண்டும். உயர்தர மாணவி ஒருத்தி மேடைப் பகுதியில் பயத்துக்கு 5, 4, 4, தைரியத்துக்கு 2, 3, 2 போடுகிறாள் என்று வைப்போம்: 18 − 7 + 13 = 24. உச்சம் 30, அடி 6. சேர் கொடுத்த தாளாச்சே என்று எல்லாவற்றுக்கும் "ஓம்" போட்டு 4, 4 என்று நிரப்பினாலும் கணக்கு நடுவில், 18இலேயே நிற்கும். தலையாட்டிப் பழகிய நமக்கு இந்த ஏற்பாடு ரொம்பவே தேவை.

அவளுக்கு நேருக்கு நேர் 9, குழு 12, கூட்டம் 20 என்றால் மொத்தம் 65. 80க்கு மேல் போனால்தான் அச்சம் அதிகம், 51க்குக் கீழே குறைவு. ஆக, "சராசரி" என்று தாளை மடித்து வைத்துவிடுவார்கள். மேடையின் 24 அதற்குள் மறைந்துபோகும். மொத்தத்தை மட்டும் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை.

இன்னொன்று: இந்தத் தாள் மனதுக்குள் உணர்வதைத்தான் கேட்கிறது, பேச்சுத் திறமையை அளக்கவில்லை. நடுங்கிக்கொண்டே நன்றாகப் பேசுகிறவர்கள் உண்டு.

மொழி மாறினால் புள்ளியும் மாறும். மெக்ராஸ்கியும் சகாக்களும் 1985இல் வெளியிட்ட ஆய்வில், போர்ட்டோ ரிக்கோ மாணவர்களுக்குத் தாய்மொழியான ஸ்பானிய மொழியில் பேச அச்சம் குறைவு, ஆங்கிலத்தில் அதிகம். பொலிஸில் சிங்களத்தில் முறைப்பாடு சொல்லத் தவித்தவர்களுக்கு இது புதினமில்லை. ஆகவே மலையகத்தில் இதே தாளை இரண்டு தடவை நிரப்பச் சொல்லலாம்: தமிழில் பேசுவதாக நினைத்து ஒன்று, சிங்களத்தில் பேசுவதாக நினைத்து ஒன்று. நேருக்கு நேர்ப் பகுதியில் இரண்டுக்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்த்தாலே, அச்சத்தில் மொழியின் பங்கு எவ்வளவு என்று ஓரளவு பிடிபடும்.