‘5ஆம் வகுப்பு’ என்று போட்டிருந்தால் போதுமா?

அன்று கடைசிப் பாடவேளை. 5ஆம் வகுப்புக்குத் தசம எண்களை நடத்தி முடித்திருந்தேன். சொந்தமாக வினா தயாரிக்க நேரமில்லை. வினாடி வினா விளையாட்டுகள் குவிந்து கிடக்கும் தளம் ஒன்றில் தேடியதும், ‘5ஆம் வகுப்பு, தசம எண்கள், 20 வினாக்கள்’ என்று ஒரு தொகுப்பு அகப்பட்டது. எத்தனையோ ஆயிரம் முறை விளையாடப்பட்டது என்று கீழே குறிப்பு வேறு. முழுக்கப் படித்துப் பார்க்காமலே திரையில் போட்டேன். வகுப்பு ஆரவாரத்தில் அதிர்ந்தது. இறுதி அறிக்கையில் வகுப்பின் சராசரி எண்பதைத் தாண்டியிருந்தது. பாடம் பதிந்துவிட்டது என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் கரும்பலகையில் 0.4, 0.375 என்று எழுதி, எது பெரியது என்று கேட்டேன். 0.4 என்று சரியாகச் சொன்னார்கள். அடுத்து 0.85, 0.3. முதல்நாள் விளையாட்டில் இரண்டாம் இடம் பிடித்த சிறுமி கையைத் தூக்கி, “0.3தான் பெரியது டீச்சர்” என்றாள். ஏன் என்று கேட்டேன். “பத்தாகப் பிரித்தால் துண்டு பெரிது. நூறாகப் பிரித்தால் துண்டு சின்னது. அதனால் புள்ளிக்குப் பிறகு இலக்கம் குறைவாக இருந்தால் அதுதான் பெரிய எண்” என்றாள். துண்டின் அளவைப் பற்றி அவள் சொன்னது முழுக்கச் சரி. எத்தனை துண்டுகள் என்பதைத்தான் விட்டுவிட்டாள்.

அன்று மாலை அந்தத் தொகுப்பை முதல்முறையாக ஒழுங்காகப் படித்தேன். எது பெரியது என்று கேட்கும் வினாக்கள் எட்டு இருந்தன. எட்டிலும் இலக்கம் குறைந்த எண்ணே விடை. 0.125ஐ 0.5ஐவிடப் பெரிது என்று நினைக்கும் குழந்தைகளைப் பிடிக்க யாரோ கருத்தாக அமைத்த வினாக்கள் அவை. அந்தப் பிழை எல்லோருக்கும் தெரிந்தது. அதற்கு நேரெதிரான பிழையும் குழந்தைகளிடம் உண்டு என்பது தொகுத்தவரின் நினைவுக்கு வரவில்லை. அந்தச் சிறுமி தவறான விதியை வைத்தே எட்டுக்கு எட்டு வாங்கிவிட்டாள். விளையாட்டு அவளுடைய பிழையைக் கண்டுபிடிக்கவில்லை என்பதோடு போகவில்லை. எட்டு முறை பச்சை நிறத்தில் ‘சரி’ என்று காட்டி, அதை இன்னும் உறுதியாக்கிவிட்டது.

இந்தத் தளங்களில் வகுப்பு எண் எங்கிருந்து வருகிறது என்று பல ஆசிரியர்கள் யோசிப்பதில்லை. பெரும்பாலும் தொகுப்பைப் பதிவேற்றியவர் ஒரு பட்டியலிலிருந்து அதைத் தேர்ந்தெடுக்கிறார், அவ்வளவுதான். அவர் எந்த நாட்டவரோ, எந்தப் பாடத்திட்டமோ, அவருடைய மாணவர்கள் அந்தப் பாடத்தில் எந்தக் கட்டத்தில் இருந்தார்களோ, நமக்குத் தெரியாது. ஒரு பாடத்திட்டம் 4ஆம் வகுப்பில் முடித்துவிடுவதை இன்னொன்று 6ஆம் வகுப்பில்தான் தொடங்கும். வகுப்பு எண் தலைப்பைத் தேட உதவும். வினா குழந்தையிடம் என்ன கேட்கிறது, நினைவில் இருப்பதையா, யோசிப்பதையா, வெறும் வாசிப்பு வேகத்தையா என்பதை அது சொல்லாது.

தொகுப்பின் வயதையும் பார்க்க வேண்டும். அதிகத் துணைக்கோள்கள் கொண்ட கோள் எது என்பது எல்லா அறிவியல் தொகுப்பிலும் தலைகாட்டும் வினா. 2019 அக்டோபரில் 82 துணைக்கோள்களோடு சனி வியாழனை முந்தியது. 2023 பிப்ரவரியில் வியாழன் 92ஐ எட்டி முன்னே போனது. அதே ஆண்டு மே மாதம் சனி 145ஐத் தொட்டது. 2025 மார்ச்சில் 274. அந்த வினா எந்த ஆண்டு எழுதப்பட்டது என்பதைப் பொறுத்து விடை மாறும். சரியாகப் பதில் சொன்ன குழந்தைக்குத் திரை சிவப்பைக் காட்டினால் என்ன செய்வீர்கள்? எனக்கு நடந்திருக்கிறது. திரை காட்டுவது தவறு என்று ஆசிரியர் சொன்னாலும் குழந்தைகள் திரையைத்தான் நம்புகிறார்கள்.

அறிக்கையில் வரும் சதவீதங்களையும் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பேன், கணக்கு ஆசிரியை என்பதால். நான்கு தெரிவுகள் உள்ள 20 வினாக்களில், எதுவுமே தெரியாமல் தட்டினாலும் சராசரியாக ஐந்து சரியாக வரும். ‘சரியா, தவறா’ வகையில் நிலைமை இன்னும் மோசம். அப்படி 10 வினாக்கள் இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு தட்டுபவர் ஏழோ அதற்கு மேலோ வாங்கும் வாய்ப்பு 17 சதவீதம். 40 பேர் உள்ள வகுப்பில் எல்லோரும் அப்படித் தட்டினால், பாடமே கேட்காத ஏறக்குறைய ஏழு பேர் கெட்டிக்காரர்களாகத் தெரிவார்கள்.

இனி வகுப்பு வாரியாக. 1, 2ஆம் வகுப்புகளுக்கு ஆயத்தத் தொகுப்பில் படங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வினாவை நானே வாசிக்கிறேன். நேரக் கணக்கு கிடையாது. குழந்தைகள் கையில் வண்ண அட்டை, எல்லோரும் ஒரே நேரத்தில் தூக்குவார்கள். கருவி எதுவும் தேவையில்லை, யார் யாரைப் பார்த்துத் தூக்குகிறார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

3 முதல் 5 வரைதான் ஆபத்து அதிகம். நான் பார்த்த ஆயத்தத் தொகுப்புகளில் பெரும்பாலானவை இந்த வயதைத்தான் குறிவைக்கின்றன. இந்த வயதில்தான் வாசிப்பில் குழந்தைக்குக் குழந்தை பெரிய இடைவெளி. ஒரு வினாவில் 25 சொற்கள், நான்கு தெரிவுகளிலும் சேர்த்து 20 சொற்கள் என்று வையுங்கள். நிமிடத்துக்கு 60 சொற்கள் வாசிக்கும் குழந்தைக்குப் படித்து முடிக்கவே 45 விநாடி பிடிக்கும். திரையில் ஓடுவதோ 20 விநாடி. அது அறிவியல் வினாவாக இருக்கலாம். அந்தக் குழந்தைக்கு நடப்பது வாசிப்புத் தேர்வு. கஹூட் போன்ற விளையாட்டுகள் வேகமாகச் சொன்னால் கூடுதல் புள்ளி தருகின்றன. இந்த வகுப்புகளுக்கு நான் முதலில் மாற்றுவது அதைத்தான். நேரத்தை நீட்டுவேன், வேகத்துக்கான புள்ளியை நிறுத்த வழி இருந்தால் நிறுத்திவிடுவேன். ஆரவாரம் கொஞ்சம் குறையும். குறையட்டும். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று விநாடியாக்கினாலே பதில்கள் நீளமாகவும் தரமாகவும் வருகின்றன என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே வகுப்பறைகளில் பதிவுசெய்து காட்டினார். அவர் வாங்கிக் கொடுத்த இரண்டு விநாடியைக் கடிகாரம் போட்ட விளையாட்டு திருப்பிப் பிடுங்கிக்கொள்கிறது.

6 முதல் 8 வரை உள்ளவர்களிடம் தரவரிசைப் பலகைதான் தொல்லை. முதல் ஐந்து பெயர்கள் ஒவ்வொரு வினாவுக்குப் பிறகும் திரையில் மின்னும். எப்போதும் அதே ஐந்து பேர். மற்றவர்கள் மூன்றாவது வினாவிலேயே ஆர்வத்தை இழந்து, வேடிக்கைக்காகத் தட்டத் தொடங்கிவிடுவார்கள். இருவர் இருவராகச் சேர்த்து ஒரே கருவியைக் கொடுத்தபோது இது பெருமளவு குறைந்தது. புனைபெயரைக் குழந்தைகளே எழுத விட்டால் என்னென்ன எழுதுவார்கள் என்று அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். முழுப்பெயரும் வேண்டாம், அறிக்கை எங்கோ சேமிக்கப்படுகிறது. வரிசை எண் போதும்.

மேல்வகுப்புகளுக்கு ஒரே ஒரு நல்ல வினா இருந்தால் ஒரு பாடவேளை ஓடிவிடும். ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மஸூர் 1991 முதல் கையாண்ட முறை இது: எல்லோரும் தனியாக விடையைப் பதிகிறார்கள். ஏறக்குறைய 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொல்லியிருந்தால், விடையை வெளியிடாமல் பக்கத்தில் இருப்பவரோடு வாதாடச் சொல்லி மறுபடி பதியவைக்கிறார். ஆயத்தத் தொகுப்பில் 20 வினாக்கள் இருந்தால் இப்படி வாதாடத் தகுந்தவை ஒன்றோ இரண்டோ தேறும். அவற்றை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடலாம்.

இதையெல்லாம் சொல்வதால் நான் இந்த விளையாட்டுகளுக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது மீண்டும் படிப்பதைவிட நிலைக்கும் என்பதற்கு வலுவான சான்று உண்டு. 2006இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தபோது மறுபடி படித்தவர்களே முன்னணியில் இருந்தார்கள்: அவர்களுக்கு 81, நினைவுகூர்ந்தவர்களுக்கு 75 சதவீதம். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: மறுபடி படித்தவர்களுக்கு 42, நினைவுகூர்ந்தவர்களுக்கு 56 சதவீதம். இந்த ஆய்வைக் காட்டி வினாடி வினாவை விற்பவர்கள் ஒன்றைச் சொல்வதில்லை. அதில் மாணவர்கள் வெற்றுத்தாளில் நினைவிலிருந்து எழுதினார்கள். நான்கில் ஒன்றைத் தட்டவில்லை. அதனால் முடிந்தபோதெல்லாம் முதலில் வினாவை மட்டும் காட்டி விடையைத் தாளில் எழுதச் சொல்கிறேன். தெரிவுகள் அதற்குப் பிறகே வரும்.

தெரிவுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. தவறான தெரிவைத் தேர்ந்தவர்கள் பிற்பாடு அதையே சரியான தகவலாக நினைவில் வைத்துக்கொள்கிறார்கள் என்று ரோடிகரும் மார்ஷும் 2005இல் காட்டினார்கள். உடனே திருத்திச் சொன்னால் இந்தத் தீங்கு குறைகிறது. ஆகவே ஒவ்வொரு வினாவுக்குப் பிறகும் விளையாட்டை நிறுத்துகிறேன். “சிவப்பு நிறத் தெரிவைத் தட்டியவர்கள் என்ன நினைத்துத் தட்டினீர்கள்?” என்று கேட்கிறேன். குழந்தைகளுக்கு இது பிடிப்பதில்லை, ‘அடுத்தது, அடுத்தது’ என்று கத்துவார்கள். 20 வினாக்களுக்கு இப்படி நிறுத்த முடியாது என்பதாலேயே ஆறோ ஏழோ போதும் என்ற முடிவுக்கு வந்தேன்.

அந்தத் தசமத் தொகுப்பை இன்றும் பயன்படுத்துகிறேன். ஒப்பிடும் வினாக்கள் எட்டில் மூன்றை வைத்துக்கொண்டு, இலக்கம் கூடிய எண் பெரிதாக வரும்படி மூன்றை நானே சேர்த்திருக்கிறேன்.

அந்தச் சிறுமிக்கு அன்று நூறு கட்டங்கள் வரைந்த இரண்டு தாள்களைக் கொடுத்தேன். ஒன்றில் 0.85, இன்னொன்றில் 0.3. முதலாவதில் 85 கட்டங்களுக்கு வண்ணம் தீட்டினாள். இரண்டாவதில் மூன்று கட்டங்களைத் தீட்டிவிட்டு நிறுத்தினாள். பத்தில் மூன்று என்பதால் மூன்று முழு வரிசை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மீதி 27ஐயும் தீட்டி முடித்தாள். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: “அப்படியானால் விளையாட்டில் எனக்கு எப்படி டீச்சர் எல்லாம் சரியாக வந்தது?”