வேலையை விடும் முன் காரணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்

கணக்குத் தணிக்கையாளரைத் தேடி மக்கள் வருவது பெரும்பாலும் முடிவெடுத்த பிறகுதான். நிறுவனத்தைப் பதிவு செய்ய வேண்டும், வங்கியில் காட்டத் திட்ட அறிக்கை வேண்டும் என்று கோப்போடு வந்து அமர்கிறார்கள். அந்தக் கோப்பைத் திறப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்பது என் வழக்கம். இந்தத் தொழில் எதற்காக? சிலருக்கு அது தேவையற்ற கேள்வியாகப் படுகிறது. கணக்குப் பார்க்க வந்த இடத்தில் இதெல்லாம் எதற்கு என்று முகத்தில் தெரியும். ஆனால் எவ்வளவு கடன் வாங்கலாம், கூட்டாளி வேண்டுமா, நஷ்டம் எவ்வளவு வரை தாங்கலாம் என்ற எல்லாமே அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் அமையும். ஓய்வுக்குப் பிறகு பொழுது பயனுள்ளதாகக் கழிய வேண்டும் என்பவரும், மூன்று பிள்ளைகளின் படிப்புச் செலவை இதிலிருந்துதான் கட்ட வேண்டும் என்பவரும் ஒரே கடையைத் திறந்தாலும், அவை இரண்டும் வேறு வேறு தொழில்கள்.

முதலில் வரும் பதில் அநேகமாகப் பணம்தான். சம்பளத்தில் எத்தனை நாள் ஓட்டுவது, சொந்தமாகச் செய்தால் கூடுதலாகக் கிடைக்கும் என்பார்கள். சிலருக்குக் கிடைக்கவும் செய்கிறது. ஆனால் சராசரி மனிதருக்கு என்ன நடக்கிறது என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு பொருளியலாளர் பார்ட்டன் ஹாமில்டன் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதை நேராகவே பேசுகிறது. பத்து ஆண்டுகள் சொந்தத் தொழிலில் இருந்தவர்களை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பவரை எடுத்துக்கொண்டால், அதே காலம் வேலையில் இருந்திருந்தால் வந்திருக்கக்கூடிய வருமானத்தைவிட அவருடையது சுமார் 35 சதவீதம் குறைவு. மிகப் பெரிய வருமானம் வரிசையின் மேல்முனையில் இருக்கும் சிலருக்குப் போய்விடுகிறது. நம் கண்ணில் படுவதும் அவர்கள்தான்.

அப்படியிருந்தும் பெரும்பாலோர் தொழிலை விட்டுப் போகவில்லை என்பதுதான் அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது. பணம் குறைந்தும் ஒருவர் அங்கேயே நிற்கிறார் என்றால், அவரைப் பிடித்து வைத்திருப்பது வேறு ஏதோ ஒன்று. பேச்சை இன்னும் கொஞ்சம் நீட்டினால் என் எதிரில் அமர்ந்திருப்பவரிடமிருந்தும் அது வெளிவந்துவிடுகிறது. "யாரிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டாம் சார்." இந்த வாக்கியத்தை எத்தனையோ விதங்களில் கேட்டிருக்கிறேன். ஒருவருக்கு அது விடுப்பு. இன்னொருவருக்கு வேலையின் தரம். வேறொருவருக்கு, தன் யோசனைக்கு வேறொருவர் பெயர் சூட்டிக்கொண்ட கசப்பு. தன் வேலையைத் தானே தீர்மானிக்கும் சுதந்திரம் மனநிறைவைக் கூட்டுகிறது என்று மத்தியாஸ் பென்ஸ், புருனோ ஃபிரை என்ற இருவர் பல நாடுகளின் கணக்கெடுப்புகளை வைத்துக் காட்டியிருக்கிறார்கள். ஆகவே இந்தக் காரணத்தை நான் ஒருபோதும் இளக்காரமாகப் பார்ப்பதில்லை. வருமானம் சற்றுக் குறைந்தாலும் என் இஷ்டப்படி வேலை செய்வேன் என்று தெரிந்தே ஒருவர் சொன்னால், அது மதிக்கத்தக்க முடிவு. தெரியாமல் இரண்டையும் சேர்த்து எதிர்பார்ப்பதில்தான் சிக்கல்.

அந்தச் சுதந்திரத்தையும் கணக்கில் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. வரப்போகும் வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருமானால், நீங்கள் முதலாளியை மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள், அவ்வளவே. முன்பு இருந்த விடுப்பும் மருத்துவக் காப்பீடும் இப்போது கிடையாது. மேலாளர் கோபித்துக்கொண்டால் ஒரு பதவி உயர்வு தள்ளிப்போகும். அந்த ஒற்றை வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டால் மொத்தமும் போகும். வேலையை விடுவதற்கு முன்பே, ஒருவரைச் சாராத அளவுக்குச் சிறிய வாடிக்கையாளர்கள் சிலரைத் தேடிக்கொள்ளச் சொல்கிறேன்.

தொழில் தொடங்கும் காரணங்களை உலக அளவில் அளந்து பார்க்கும் முயற்சியும் நடக்கிறது. லண்டன் வணிகப் பள்ளியும் அமெரிக்காவின் பாப்சன் கல்லூரியும் சேர்ந்து தொடங்கிய 'உலகத் தொழில்முனைவுக் கண்காணிப்பு' என்ற ஆய்வுத் திட்டம் 1999 முதல் அறிக்கைகளை வெளியிட்டு வருகிறது. வாய்ப்பைக் கண்டு தொடங்கியவரா, வேறு வழியின்றித் தொடங்கியவரா என்று ஆரம்பத்தில் இரண்டாகப் பிரித்துக் கேட்டார்கள். 2019இல் அதை மாற்றி, உலகில் ஒரு மாற்றத்தைக் கொண்டுவர, பெரும் செல்வம் சேர்க்க, குடும்பத் தொழிலைத் தொடர, வேலை கிடைப்பது அரிதாக இருப்பதால் பிழைப்புக்காக என நான்கு காரணங்களை வைத்தார்கள். ஒருவரே ஒன்றுக்கு மேற்பட்டவற்றை ஒப்புக்கொள்ளலாம். அனுபவத்தில் நான் காண்பதும் அதுதான். ஒற்றைக் காரணத்தோடு வருபவர் அரிது.

அந்த நான்கில் இல்லாத ஒன்றை நான் அடிக்கடி பார்க்கிறேன். கோபம். பதவி உயர்வு கிடைக்கவில்லை, எல்லோர் முன்னிலையிலும் அவமானப்படுத்தினார்கள், பத்து வருட உழைப்புக்கு மரியாதை இல்லை. இயந்திரப் பராமரிப்பில் தேர்ந்த ஒருவர் அப்படித்தான் வந்தார். ராஜினாமாக் கடிதம் சட்டைப்பையிலேயே இருந்தது. அவருடைய தொழில் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் விலைப்புள்ளி கொடுப்பது, உதிரி பாகங்களைக் கடனில் வாங்குவது, பணம் தராதவரிடம் ஐந்தாவது முறை போய்க் கேட்பது ஆகிய மூன்றையும் அதுவரை அவருக்காக வேறு யாரோ செய்துகொண்டிருந்தார்கள். வேலையில் இருக்கும்போது அந்த 'வேறு யாரோ' நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கடிதத்தை உடனே கொடுக்க வேண்டாம், அந்த மூன்றையும் விடுமுறை நாள்களில் சிறிய அளவில் செய்து பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

இப்படிச் சொல்வதற்கு ஆதாரமும் இருக்கிறது. வேலையில் இருந்துகொண்டே பகுதி நேரமாகத் தொழிலைத் தொடங்கிப் பிறகு முழுநேரமாக மாறியவர்கள், எடுத்த எடுப்பில் வேலையை விட்டவர்களைவிடத் தொழிலிலிருந்து வெளியேறும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு என்று ஜோசப் ராஃபி, ஜீ ஃபெங் ஆகியோர் 2014இல் எழுதினார்கள். ஆனால் இதில் ஓர் எச்சரிக்கை. உங்கள் பணி ஒப்பந்தத்தை எடுத்து ஒரு முறை முழுவதும் படியுங்கள். வெளியே வேறு வேலை செய்யத் தடை, விலகிய பின் குறிப்பிட்ட காலத்துக்குப் போட்டித் தொழில் செய்யத் தடை, வாடிக்கையாளர் விவரங்களை எடுத்துச் செல்லத் தடை என்று ஏதாவது இருக்கலாம். அவை எந்த அளவு செல்லும் என்பது சட்டத்துக்குச் சட்டம் மாறும். ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் கேட்டுத் தெரிந்துகொள்வது, பின்னால் ஒரு வழக்கை நடத்துவதைவிட மலிவு.

கையில் மொத்தமாகப் பணம் வந்ததே காரணமாகிவிடுவதும் உண்டு. ஓய்வுக்காலத் தொகை, ஆட்குறைப்பில் கிடைத்த இழப்பீடு, பூர்வீகச் சொத்தில் வந்த பங்கு. பரம்பரைச் சொத்தோ அன்பளிப்போ கிடைத்தவர்கள் சொந்தத் தொழிலில் இறங்கும் வாய்ப்பு கூடுகிறது என்று டேவிட் பிளாஞ்ச்ஃபிளவரும் ஆண்ட்ரூ ஆஸ்வால்டும் 1998இல் பிரிட்டன் தரவுகளிலிருந்து காட்டினார்கள். முதல் இல்லாமல் தவித்தவருக்கு அது நல்ல காலம். நீண்ட நாள் மனத்தில் வைத்திருந்த தொழிலைத் தொடங்கட்டும். எனக்கு அச்சமூட்டுவது வேறொரு வரிசை: முதலில் பணம் வருகிறது, பிறகு அது தெரிந்து ஒரு நெருங்கிய உறவினர் வருகிறார், கடைசியில்தான் தொழில் என்ன என்பது வருகிறது. இந்த வரிசையில் வந்தவர்களிடம் நான் சொல்வது ஒன்றே. ஆறு மாதம் அந்தப் பணத்தைத் தொடாமல் வங்கியில் வையுங்கள். ஆறு மாதத்தில் கைநழுவிப் போய்விடும் வாய்ப்பு என்று யாராவது அவசரப்படுத்தினால், அந்த அவசரம் யாருடையது என்று பாருங்கள். அறுபது வயதுக்கு மேல் இழந்த முதலைத் திரும்பச் சம்பாதிக்க உடலும் காலமும் எளிதில் இடம் கொடுப்பதில்லை.

வீட்டுப் பொறுப்பின் காரணமாகத் தொழிலுக்கு வருபவர்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சிறு குழந்தைகள், படுக்கையில் இருக்கும் மாமியார், காலை ஒன்பது மணி வேலைக்கு ஒத்துவராத வாழ்க்கை. நேரத்தைத் தாமே வகுத்துக்கொள்ளலாம் என்பதற்காகவே வீட்டிலிருந்து தையல், சமையல், மொழிபெயர்ப்பு, தனிப்பயிற்சி என்று தொடங்குகிறார்கள். இவர்களில் பெண்களே அதிகம் என்னிடம் வருகிறார்கள். கடனை உரிய நாளில் கட்டுவதில் இவர்களைப் போல் கவனமானவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் இவர்கள் கொண்டுவரும் வரவு செலவில் ஒரு வரி எப்போதும் விடுபட்டிருக்கும். தங்களுடைய கூலி. துணிக்கும் நூலுக்கும் மின்சாரத்துக்கும் கணக்கு இருக்கும். இரவு பதினொரு மணி வரை உழைத்ததற்கு இருக்காது. அதே வேலைக்கு வெளியாள் ஒருவரை வைத்தால் என்ன கொடுப்போமோ அதை அந்த வரியில் எழுதச் சொல்வேன். எழுதியதும் லாபம் என்று நினைத்திருந்தது பல நேரங்களில் நஷ்டமாகிவிடும். சிலர் அந்த இடத்திலேயே கண் கலங்கியதுண்டு. மனத்தைத் தளர்த்துவதற்காக இதைச் செய்யவில்லை. தன் உழைப்புக்கு விலை போடாதவர் வாடிக்கையாளரிடம் சரியான விலையைக் கேட்கவும் மாட்டார். கூலியைச் சேர்த்து விலையை மாற்றியமைத்த பிறகு சில வாடிக்கையாளர்கள் போவார்கள், போகட்டும். மீதமிருப்பவர்களை வைத்துக்கொண்டு அதே வருமானத்தைக் குறைந்த நேரத்தில் ஈட்ட முடிகிறதா என்பதுதான், நேரத்துக்காகத் தொழிலுக்கு வந்தவருக்குச் சரியான அளவுகோல்.

புது யோசனையோடு வரும் இளைஞர்கள் படிப்பை விட்டவர்களின் வெற்றிக் கதைகளைச் சொல்கிறார்கள். நான் அவர்களிடம் சொல்வது ஓர் ஆய்வின் முடிவு: அமெரிக்காவில் நிறுவனம் தொடங்கி ஆள்களை வேலைக்கு அமர்த்தியவர்களின் சராசரி வயது சுமார் 42 என்பது. மிக வேகமாக வளர்ந்த, ஆயிரத்தில் ஒரு நிறுவனத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்த வயது 45 ஆகிறது. அதே துறையில் முன்பு வேலை பார்த்த அனுபவம் வெற்றி வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதும் அதே ஆய்வில் வருகிறது. ஒருவரிடம் சம்பளத்துக்கு இருந்த காலம் வீணான காலம் அல்ல. எந்தச் சரக்கு தேங்கும், எந்த வாடிக்கையாளர் பணம் தர இழுத்தடிப்பார் என்பதை அடுத்தவர் முதலீட்டில் கற்றுக்கொள்ளும் காலம் அது.

காரணம் எதுவானாலும், தொடங்கும்போது எல்லோரிடமும் ஒரு நிச்சயம் இருக்கிறது. 1988இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவில் 2,994 தொழில்முனைவோரிடம் கேட்டார்கள். தங்கள் தொழில் வெற்றி பெறும் வாய்ப்பு பத்துக்கு ஏழாவது இருக்கும் என்று 81 சதவீதம் பேர் சொன்னார்கள். மூன்றில் ஒருவர் பத்துக்குப் பத்து என்றார். தங்களுடையதைப் போன்ற பிறருடைய தொழிலுக்கு அதே அளவு வாய்ப்பைக் கொடுத்தவர்கள் 39 சதவீதம் மட்டுமே. அந்நாட்டு அரசுப் புள்ளிவிவரங்களின்படி, புதிய நிறுவனங்களில் சுமார் ஐந்தில் ஒன்று முதல் ஆண்டிலேயே மூடப்படுகிறது. ஐந்து ஆண்டுக்குள் ஏறத்தாழ பாதி. மூடியவை எல்லாம் நொடித்தவை அல்ல, சிலர் நல்ல விலைக்கு விற்றிருப்பார்கள், சிலர் நல்ல வேலை கிடைத்துப் போயிருப்பார்கள். ஆனாலும் பாதி என்பது பாதிதான்.

லாபம் வந்தும் மூடிய தொழில்களை நான் பார்த்திருக்கிறேன். மாதம் 100க்கு விற்பனை, அதற்கு 80 செலவு என்று வைத்துக்கொள்வோம். தாளில் மாதம் 20 லாபம். வாடிக்கையாளர் மூன்று மாதம் கழித்துத்தான் பணம் தருகிறார். கூலியும் வாடகையும் சரக்கும் அந்தந்த மாதமே கேட்கும். முதல் வசூல் கைக்கு வருவதற்குள் 240 உங்கள் பையிலிருந்து போயிருக்கும். விற்பனையை இரட்டிப்பாக்கினால் அந்த 240 என்பது 480 ஆகும். வியாபாரம் பெருகப் பெருகக் கையில் காசில்லை என்று குழம்புபவர்களுக்கு நடப்பது இதுதான். கடை அலங்காரத்துக்கு ஒதுக்கியதில் ஒரு பகுதியை இதற்காக எடுத்து வையுங்கள்.

கடைசியாக, கையெழுத்து. வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள நிறுவனமாகப் பதிவு செய்தால் வீடு பத்திரமாக இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். கடன் தரும் வங்கி உங்களிடமோ வாழ்க்கைத் துணையிடமோ தனிப்பட்ட ஜாமீன் வாங்கிக்கொண்டால், அந்தக் கடனைப் பொறுத்தவரை அந்தப் பாதுகாப்பு போய்விடும். அதனால் ஜாமீன் போடப்போகிறவரையும் என் அலுவலகத்துக்கு அழைத்து வரச் சொல்கிறேன். தொழில் எதற்காக என்ற கேள்வியை அவரிடமும் கேட்கிறேன். இரண்டு பேரும் இரண்டு காரணங்கள் சொன்ன நாள்களில் கடன் விண்ணப்பத்தை ஒத்திவைத்திருக்கிறோம். ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன் கொண்டுவாருங்கள். தொகையைக் குறைக்கவோ, வீட்டை விடுத்து வேறு சொத்தை அடமானமாகக் கேட்டுப் பார்க்கவோ அப்போது இடமிருக்கிறது. கையெழுத்திட்ட பிறகு வருபவருக்கு என்னால் செய்ய முடிவது மிகக் குறைவு.