தம்பி, ஐசியைக் (அடையாள அட்டையைக்) காட்டுங்க: 21 வயதும் மது, சிகரட் விற்பனையும்

களுவாஞ்சிகுடிப் பக்கம் என் மாமாவுக்கு ஒரு பலசரக்குக் கடை இருந்தது. ஏ.எல். சோதனை எழுதிவிட்டுச் சும்மா இருந்த காலத்தில் பின்னேரங்களில் நான்தான் கல்லாப்பெட்டியடியில் இருப்பேன். ஆறு மணியளவில் ஒரு பொடியன் வருவான். பள்ளிக்கூடக் காற்சட்டை, கையில் பொத்திப் பிடித்த காசு. "அங்கிள், அப்பாக்கு ரெண்டு சிகரட்டாம்." எனக்கே அப்போது பத்தொன்பது வயது, நான் அங்கிள்! அவனுடைய அப்பாவைத் தெரியும், வீட்டைத் தெரியும், காசும் சரியாக இருக்கும். எடுத்துக் கொடுத்துவிடுவேன். அது ஒரு வருடம் வரை மறியலுக்குப் போகக்கூடிய குற்றம் என்று கடையில் இருந்த யாருக்கும் தோன்றவே இல்லை.

இலங்கையில் இதற்கான சட்டம் 2006 இல் வந்தது. புகையிலை மற்றும் மதுசாரம் தொடர்பான தேசிய அதிகாரசபைச் சட்டம், 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கம். அதன் 31 ஆம் பிரிவு சொல்வது இதுதான்: 21 வயதுக்குக் குறைந்த எவருக்கும் மதுவையோ புகையிலைப் பொருளையோ விற்கக்கூடாது, விற்க முன்வரக்கூடாது, விற்க இடங்கொடுக்கவும் கூடாது. யாருக்காக வாங்குகிறார் என்ற பேச்சே அங்கே கிடையாது. அப்பாவுக்கு என்றாலும் அம்மப்பாவுக்கு என்றாலும், கடைக்காரரின் கையிலிருந்து வாங்குகிற கைக்கு 21 ஆகியிருக்க வேண்டும்.

நம்மூரில் பலரும் தடுமாறுவது 18க்கும் 21க்கும் இடையில்தான். பதினெட்டில் வாக்குப் போடலாம், மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் எடுக்கலாம். அதனால் லைசன்ஸைக் காட்டினால் ஆள் பெரியவர்தானே என்று நினைத்துவிடுகிறோம். லைசன்ஸ் இருப்பது 18 ஆனதற்குத்தான் சாட்சி. மதுவுக்கு இன்னும் மூன்று வருடம் பொறுக்க வேண்டும். பியர் மதுவில்லை என்று வாதாடுகிற ஆட்களும் இருக்கிறார்கள். அந்த வாதம் நீதவான் முன்னால் எடுபடாது.

சரி, பிடிபட்டால் யாருக்குத் தண்டனை? விற்றவருக்கு. 31 ஆம் பிரிவு வாங்க வந்த பிள்ளையைக் குற்றவாளியாக்கவில்லை, பாரம் முழுவதையும் கடைக்காரரின் தலையில் வைக்கிறது. "இடங்கொடுக்கவும் கூடாது" என்று இருப்பதால், எடுத்துக் கொடுத்த வேலைக்காரப் பையனோடு, தெரிந்துகொண்டு விட்ட முதலாளியும் மாட்டலாம். நீதவான் நீதிமன்றத்தில் குற்றம் நிரூபணமானால் 5,000 ரூபா வரை தண்டம், அல்லது ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டுமே. ஐயாயிரம் என்பது 2006 இல் எழுதிய தொகை. இன்றைய விலைக்கு இரண்டு முழுப்போத்தல் சாராயத்துக்கும் காணாது. தண்டம் பயங்காட்டும் அளவில் இல்லை என்பதுதான் என் எண்ணம். ஆனால் குற்றவாளி என்று பதிவாவது வேறு கதை. நாளைக்குக் கட்டாருக்குப் போக பொலிஸ் ரிப்போட் எடுக்கும்போதுதான் அதன் பாரம் தெரியும்.

சோதனைக்குப் பொலிஸார் மட்டும்தான் வருவார்கள் என்று இருந்துவிட வேண்டாம். மதுவரித் திணைக்கள அதிகாரிகளுக்கும், நாம் பீ.எச்.ஐ. என்று சொல்கிற பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்கும் இந்தச் சட்டத்தின் கீழ் அதிகாரம் இருக்கிறது. பாண் பழசா, தராசு சரியா என்று பார்க்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்திருந்த மாமாவுக்கு அது புதுச் செய்தி.

இனி ஐசி விஷயத்துக்கு வருவோம். வைன் ஸ்டோர்ஸில் நிற்பவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது இது. முகத்தைப் பார்த்து வயதைச் சொல்ல ஏலாது. தாடி வளர்த்த பத்தொன்பதும் உண்டு, மீசை முளைக்காத இருபத்தைந்தும் உண்டு. அடையாள அட்டை இலக்கம் மட்டும் பொய் சொல்லாது.

2016 முதல் வழங்கப்படும் இலக்கத்தில் 12 எண்கள். முதல் நான்கும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். 2007061 என்று தொடங்கினால் 2007 மார்ச் 1 இல் பிறந்த ஆண், 2007561 என்றால் அதே நாளில் பிறந்த பெண். (விரல் விட்டு எண்ணுபவர்கள் அறுபதுதானே வருகிறது என்பார்கள். இந்தக் கணக்கில் எல்லா வருடமும் பெப்ரவரிக்கு 29 நாள்தான்.) அந்த இருவருக்கும் 2028 மார்ச் 1 இல்தான் 21 ஆகும். அதற்கு ஒரு நாள் முந்தி வந்தாலும் வெறுங்கையோடு அனுப்ப வேண்டியதுதான்.

இவ்வளவு கணக்கும் எல்லோருக்கும் தேவையில்லை. இலக்கம் 19 இல் தொடங்கினால் ஆள் எப்போதோ 21 தாண்டியவர். 20 இல் தொடங்கினால் மட்டும் நின்று கழித்துப் பாருங்கள். ஒன்பது எண்ணும் கடைசியில் ஆங்கில 'வி'யோ 'எக்ஸோ' இருக்கிற பழைய அட்டையா? அதன் சொந்தக்காரருக்கும் 21 கடந்திருக்கும். ஆனால் அதை நீட்டுகிற பொடியனுக்குக் கடந்திருக்க வேண்டும் என்றில்லை. இன்றைக்கு 21 ஆகாத பிள்ளைகள் அட்டை எடுக்கும் வயதுக்கு வரும்போது புது இலக்கம் வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. ஆகவே பள்ளிக்கூட முகத்தோடு ஒருவர் பழைய 'வி' அட்டையைக் காட்டினால், அது அண்ணனுடையது, இல்லாவிட்டால் மச்சானுடையது. படத்தையும் முகத்தையும் ஒருதரம் பாருங்கள். சந்தேகமாக இருந்தால், "தம்பி, பிறந்த திகதி என்ன?" என்று சும்மா கேட்டாலே போதும். சொந்தப் பிறந்தநாளை யாரும் யோசித்துச் சொல்வதில்லை.

அண்ணனின் அட்டையைக் கொண்டுபோவது விளையாட்டு என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். 31 ஆம் பிரிவு வாங்குபவரை விட்டுவிட்டாலும், பொய் அட்டை அவரை வேறு சட்டத்துக்குள் இழுத்துவிடும். அடையாள அட்டைக்கென்று 1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டம் இருக்கிறது. அட்டையைத் திருத்துவதும் போலியாகச் செய்வதும் குற்றம். இன்னொருவராக நடித்துக் காரியம் பார்த்தால் தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் ஆள்மாறாட்டம் என்று வழக்குப் போகவும் இடமுண்டு. தெரிந்தே அட்டையைக் கொடுத்த அண்ணனும் உடந்தை என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். ஒரு பியருக்காக வீட்டில் இரண்டு பேர் பொலிஸ் வாசலில் நிற்பதா?

வீட்டில் கொண்டாட்டத்துக்கு அப்பா மகனுக்கு ஊற்றிக் கொடுத்தால் என்று கேட்பார்கள். இந்தப் பிரிவு விற்பனையைப் பற்றித்தான் பேசுகிறது, வீட்டு மேசையைப் பற்றி அல்ல. சரியா பிழையா என்பது அந்த வீட்டுக்காரர் பாடு. கசிப்பு, அதாவது கள்ளச் சாராயம், வேறு விஷயம். மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் விற்பதே குற்றம், வாங்குபவருக்கு அறுபது வயதென்றாலும்.

உங்கள் தெருவில் சின்னப் பிள்ளைகளுக்கு விற்கிறார்கள் என்றால் பொலிஸின் 119 க்கு அழைக்கலாம். பிள்ளையைச் சாராயம் வாங்க அனுப்புவது, விற்க வைப்பது போன்றவற்றைக் கண்டால் 1929, சிறுவர்களுக்கான இலக்கம். கடை எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று சொன்னால் வருகிறவர்களுக்கு உதவியாக இருக்கும்.

அப்புறம், உங்கள் ஐசியைக் காணவில்லை என்றால் அலுமாரியைக் கிளறுவதற்கு முன்னால் தம்பிமாரிடம் கேளுங்கள். அவர்களிடமும் இல்லையென்றால் அன்றைக்கே பொலிஸில் முறைப்பாடு போட்டு அதன் பிரதியை எடுங்கள். அந்தப் பிரதியோடு கிராம உத்தியோகத்தரிடம் போனால் புது அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். தொலைந்த அட்டையை யாராவது எங்காவது நீட்டினால், அது எந்தத் திகதியிலிருந்து உங்கள் கையில் இல்லை என்று காட்ட உங்களிடம் இருக்கப்போவது அந்தப் பிரதி ஒன்றுதான்.